காரணம்: இருநூறு எழுத்துக்குள்

என்னிடம் யாராவது ஒரு விஷயம் சொல்ல வந்தால் முதல் வரியைக் கேட்பேன், கடைசி வரியைக் கேட்பேன். நடுவில் வருவதெல்லாம் எனக்கு வேண்டாம். இது திமிர் இல்லை, தொழில். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில் பதினோரு வருஷமாகக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது பேர் கூப்பிடுவார்கள். முப்பது பேருக்கும் சொந்தக் கதை உண்டு, அதில் இருபத்தெட்டு பேருக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: மூடிட்டுத் திறங்க. இதைச் சொல்வதற்கு எதற்கு முழுக் கதையும் கேட்க வேண்டும்?

என் மனைவிக்கு இந்தப் பழக்கம் சுத்தமாகப் பிடிக்காது. "உங்ககிட்ட பேசுறதுக்குப் பதிலா தந்தி அடிக்கலாம்" என்பாள். நான் அதிலும் கடைசி வார்த்தையைத்தான் கேட்டிருப்பேன்.

அப்படிப்பட்ட என் காதில் வந்து விழுந்தவர்தான் விவரம் அக்கா. புகார்ப் பிரிவில் வேலை. எங்கள் கம்பெனி மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி விற்கிறது. வாங்கினது கெட்டுப்போனால் ஜனங்கள் திட்டி எழுதுவார்கள், அதற்குத் தமிழில் பதில் போடுவது இவர் வேலை. மற்றவர்கள் 'வருந்துகிறோம், ஆள் வருவார்' என்று இரண்டு வரியில் கைகழுவிவிடுவார்கள். இவர் இரண்டு பக்கம் எழுதுவார். மிக்ஸி ஏன் கத்துகிறது, உள்ளே எது தேய்ந்திருக்கும், சரிசெய்ய வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் அலட்சியம் காட்டினால் யாரிடம் சொல்ல வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். காட்டமாகத் திட்டி எழுதியவர்களே அதைப் படித்துவிட்டு 'நீங்கள் நலமா' என்று திருப்பி எழுதியிருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் "விவரமா சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பிப்பதால் ஆபீசில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் இரும்பு கடைந்தவர். இந்தக் கதை தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டும் திரும்பி வரும், ஆனால் முதல் வருஷத்துக்குள் விடாமல் பயிற்சி கொடுக்க வேண்டும், அந்த வருஷம் போனால் போனதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி நிற்க வைக்க வேண்டும், நடக்க வைக்க வேண்டும், வாயைத் திறந்து பேச வைக்க வேண்டும். வேறு ஆள் கிடையாது. வேலையையும் விட முடியாது, ஆளையும் விட முடியாது. அதனால் லேப்டாப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டு லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வர வி.பி.என். என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே போட்ட தனி வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற வருகிற எவனும் எட்டிப் பார்க்க முடியாது. அந்த வழி அறுந்தால் வேலையும் அறுந்தது.

வினை அந்த வழியில்தான் வந்தது. மாதம் பிறந்த அன்று புதிய பதிப்பு ஒன்று வந்து இறங்கியது. உள்ளே நுழைந்ததும் ஒரு சின்னப் பெட்டி திறக்கும்: 'இணைவதற்கான காரணத்தை இருநூறு எழுத்துக்குள் எழுதவும்.' கம்பெனிக்கு வேண்டாம் என்றால் அதை மூடி வைக்கலாம். எங்கள் மேலாளர் திறந்து வைத்தார். அவருக்கும் பெயர் உண்டு, சுருக்கம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால்கூட "சுருக்கமா சொல்லு" என்பார். வீட்டில் இருப்பவர்கள் வழியை அறுத்துவிட்டு, கோளாறு என்று சொல்லித் தூங்குகிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதனால் கூடவே ஒரு விதியும் போட்டார். ஒரு மாதத்தில் பத்து தடவை இணைப்பு அறுந்தால் வீட்டு வேலை ரத்து, அடுத்த திங்களிலிருந்து ஆபீசுக்கு வர வேண்டும்.

காரணப் பெட்டியில் எல்லோரும் ஒரு புள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நானும் புள்ளிதான். விவரம் அக்கா மட்டும், கேட்டிருக்கிறார்களே என்று, காரணம் எழுதினார்.

இரண்டாம் தேதி காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் அழைப்பு.

"தம்பி, விவரமா சொல்றேன், கேளுங்க. காலைல அவருக்கு மாத்திரை கொடுத்தேன். ரெண்டு மாத்திரை, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு..."

"அக்கா, வி.பி.என். நின்னு போச்சா?"

"போச்சு. ஆனா எப்படிப் போச்சுன்னா..."

"மூடிட்டுத் திறங்கக்கா."

மூடினார், திறந்தார். வேலை செய்தது. டிக்கெட்டை முடித்தேன். எங்களுக்கு ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். முடிக்கும்போது யார் தவறு என்று ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். 'பயனர் தவறு' என்று குறித்தேன். எதற்குக் குறித்தேன் என்று கேட்டால், அந்தக் கட்டம்தான் முதலில் இருந்தது.

மூன்றாம் தேதி மறுபடி. நாலாம் தேதி மறுபடி. ஒன்பது மணி ஐந்து நிமிடம் ஆனால் என் போன் அடிக்கும். தினமும் மூடித் திறக்கச் சொல்வேன், தினமும் இரண்டாம் தடவை சரியாகிவிடும். ஆறாம் தேதி, என்னதான் எழுதித் தொலைக்கிறார் என்று அந்தக் காரணத்தை மெயிலில் வாங்கிப் பார்த்தேன்.

'அவருக்கு மாத்திரை கொடுத்து, கை பிடித்து நாலு நடை நடக்க வைத்து, துணி காயப்போட்டு, பால் பாத்திரம் கழுவி, இப்போதுதான் உட்கார்ந்தேன். நேற்று மிச்சம் வைத்த மிக்ஸிக் கடிதம் மூன்றையும் இன்று எப்படியாவது முடி'

"முடிக்கன்னு எழுத விடல தம்பி, பாதியில நிறுத்திடுச்சு. இருநூறு எழுத்துன்னு சொல்றான், கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுறான். இது நியாயமா?"

நியாயம் பேச எனக்கு நேரமில்லை. எங்கள் டிக்கெட் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அவர் நீட்டி முழக்கியதை ஆங்கிலத்தில் நாலு வார்த்தையாகச் சுருக்கி, வீட்டு வேலை முடித்து வருகிறேன் என்ற பொருள் வருகிற மாதிரி, என் லேப்டாப்பில் அடித்துப் பார்த்தேன். ஜம்மென்று உள்ளே போனது. 'எனக்கு நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதி, பயனர் தவறு, முடிந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டாம் தேதிக்குள் எட்டு ஆகிவிட்டது. அன்று அவர் குரலில் எப்போதும் உள்ள துள்ளல் இல்லை.

"தம்பி, இன்னும் ரெண்டுதான் பாக்கி. ஆபீசுக்கு வான்னு சொன்னா நான் வேலையை விட்டுடணும். இவரை யார் எழுப்பி நிக்க வைப்பா? வேலையை விட்டா மாத்திரைக்கு என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"இருங்க. நான் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வர்றேன். அறுந்த நாள், அறாத நாள், அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு, எல்லாம். நடுவுல ரெண்டு நாள் அறுந்தே போகல. அந்த ரெண்டு நாளும் காலைல எனக்கும் அவருக்கும் சண்டை."

"என்னது?"

"சண்டை. ஒரு நாள் மாத்திரையைத் துப்பிட்டார். ஒரு நாள் ரேடியோ சத்தம். சண்டை போட்ட நாள்ல லைன் கல்லு மாதிரி நிக்குது. சமாதானமா இருந்தா அறுந்து போகுது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அப்ப தினமும் சண்டை போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பேச்சை ஸ்பீக்கரில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் அழைப்பு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஐந்து வேலை நாள் ஒரு சத்தமும் இல்லை. தொல்லை விட்டது என்று இருக்க வேண்டியவன், ஒன்பது மணி ஐந்துக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாம் நாள் போன் வந்தது. ஒன்பதாவது.

"என்னக்கா, சண்டை போடலையா?"

"போட்டார் தம்பி. நல்லாத்தான் ஆரம்பிச்சார். நடுவுல அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும் வந்துடுச்சு. அப்புறம் எங்க சண்டை போடுறது."

அன்று மதியம் சுருக்கம் என்னைக் கூப்பிட்டார். "ஒன்பது. எல்லாம் பயனர் தவறு. நீ குறிச்சது. வீட்டுக்குப் போய் லேப்டாப்பைப் பாரு. நல்லா இருக்குன்னு எழுதிக் கொடு. பத்தானதும் வரச் சொல்லிடலாம்." இவ்வளவு நீளமாக அவர் பேசியதே அபூர்வம். வெளியே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவை வீட்டைவிட்டு இழுக்கிற கயிறு முழுக்க நான் திரித்தது.

மறுநாள் காலை எட்டரைக்குப் போனேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. உள்ளே ஒரே கூடம். ஜன்னல் ஓரம் கட்டில், கட்டிலை ஒட்டி மேஜை, மேஜையில் எங்கள் லேப்டாப். கட்டிலில் தொடங்கி வாசல் கதவு வரை சுவரோடு ஒரு எஃகுக் குழாய் இடுப்பளவு உயரத்தில் அடித்திருந்தது. பட்டறைக்காரர்கள் வந்து அடித்துக் கொடுத்ததாம். அடிக்கு ஒரு கோடு அரத்தால் கீறியிருந்தது, மொத்தம் பதினெட்டு கோடு. ஆறாவது கோட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். அதுவரைக்கும்தான் வீட்டுக்காரரால் நடக்க முடியும். குழாயின் நுனிகளை அவர்தான் இடது கையால் தேய்த்து மழுமழுவென்று ஆக்கியிருந்தார்.

நாற்காலியில் ஒல்லியாக, சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் என்பதால் என் வாயில் தானாக மாமா என்று வந்துவிட்டது. தலையாட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக எட்டே முக்கால் ஆனதும் தொண்டையைச் செருமினார்.

"தண்ணி... சூடு... இல்ல" என்றார்.

"ஆவி பறக்குது, இல்லன்றீங்களா?" என்றார் அக்கா.

"நேத்தும்... இல்ல. நீ... பொய்... சொல்ற."

"யாரு, நானா? வந்தவர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு சொல்றீங்களா?"

"ஆமா. உங்க... அண்ணன்... மாதிரி."

அண்ணன் பேச்சு வந்ததும் அக்காவுக்கு நிஜமாகவே முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று மேஜைக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து, காரணப் பெட்டியில் 'வந்துட்டேன்' என்று ஒரே வார்த்தை அடித்து, பட்டனைத் தட்டினார். உள்ளே போனது. கல்லு மாதிரி நின்றது. அந்த மனுஷர் என்னைப் பார்த்து மெதுவாக ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி நான் சிரித்துக்கொண்டு சொன்னதை இந்த மனுஷர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டியின் வேலை அறுந்துவிடக் கூடாது என்று, ஒரு வார்த்தை சொல்லவே அரை நிமிடம் பிடிக்கிறவர், தினமும் காலையில் எழுந்து சண்டைக்குச் சொற்கள் பொறுக்குகிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா, ஒரு வாரத்தில் இவ்வளவு முன்னேற்றமா என்று ஆச்சரியப்பட்டதை அக்காவே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கு வேறு பெயர் கிடையாது.

"அக்கா, அந்த நோட்டைக் கொடுங்க" என்றேன்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். தேதி, வீட்டில் நடந்தது, பெட்டியில் எழுதியது, அறுந்ததா இல்லையா. சண்டை போட்ட நாளெல்லாம் பெட்டியில் ஒரே வார்த்தை. சமாதானமாக இருந்த நாளெல்லாம் பெட்டி நிரம்பி வழிய எழுத்து. மூடித் திறந்த பிறகு, அலுத்துப்போய், 'மறுபடி' என்று ஒரு வார்த்தை. என் வைத்தியம் பலித்த ரகசியம் அதுதான். மூடினதும் திறந்ததும் ஒன்றும் செய்யவில்லை, அந்த அம்மா சோர்ந்துபோய்க் குறைத்து எழுதியதுதான் காப்பாற்றியிருக்கிறது.

இணைப்பை முறையாகத் துண்டித்தேன். முறையாகத் துண்டித்தால் அது கணக்கில் ஏறாது. மறுபடி திறந்து, ஆங்கிலத்தில் இருநூறு எழுத்து அடித்தேன். உள்ளே போனது. மறுபடி துண்டித்து, அக்காவின் ஆறாம் தேதிக் காரணத்தை, மாத்திரையிலிருந்து மிக்ஸி வரைக்கும், ஒரு கொம்புகூட விடாமல் அடித்துத் தட்டினேன். திரை ஒரு தரம் வெளிறியது. வி.பி.என். செத்து விழுந்தது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினேன். அக்கா தட்டவில்லை.

"தம்பி, அது பத்தாவது" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அவர் கைப்பேசியில் மெயில் வந்து விழுந்தது. தானாகப் போகிற மெயில். வரும் திங்களிலிருந்து அலுவலகத்துக்கு வரவும். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். கைப்பேசியைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். மாமா குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்தார்.

"அக்கா, இது உங்க தப்பு இல்ல. விவரமா சொல்றேன், கேளுங்க" என்றேன். என் வாயிலா அது வந்தது என்று எனக்கே திகைப்பு.

சொன்னேன். நீங்கள் எழுதுகிறதை அந்த மென்பொருள் வாங்கி, உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார வைக்கிறது. பெஞ்சில் இருநூற்று ஐம்பத்தாறு இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும், இருநூறு பேர் வந்தாலும் தாராளம். தமிழ் எழுத்துக்கு மூன்று இடம் வேண்டும். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனி ஆள், அதற்கும் ஆளுக்கு மூன்று இடம். வாசலில் நிற்கிறவன் தலையை மட்டும் எண்ணி இருநூறு பேரை உள்ளே விடுகிறான். எத்தனை இடம் பிடிப்பார்கள் என்று பெஞ்சுப் பக்கம் ஒருவரும் பார்ப்பதில்லை. அறுநூறு இடம் கேட்கிற கூட்டம் வந்து உட்கார்ந்தால், மிச்சம் பேர் பக்கத்தில் இருப்பதன் மேல் விழுவார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்றால், இந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய விலாசம் எழுதின துண்டுச் சீட்டு.

"அது மேல என் எழுத்து விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு. அது சீட்டைப் பாக்குது. அங்க பால் பாத்திரம்னு இருக்கு. பால் பாத்திரத்தைத் தேடிக்கிட்டுப் போய் விழுந்து சாகுது."

மாமாவுக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார். "திருடன்... அங்க... வேற விலாசம்... எழுதினா?"

பட்டறை மூளை. நான் ஆபீசுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்து வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு, நாற்காலியில் இருந்தபடி அவர் போய்விட்டார். அதுதான் நிஜ ஆபத்து. விஷயம் தெரிந்தவன் பால் பாத்திரத்துக்குப் பதில் தனக்கு வேண்டிய விலாசத்தை அங்கே விழ வைத்தால், மென்பொருள் அடிமை மாதிரி அவன் சொன்ன இடத்துக்குப் போய் அவன் சொன்னதைச் செய்யும். லேப்டாப் முழுக்க அவன் கைக்குப் போகும், அப்புறம் தனி வழியாக ஆபீசுக்குள்ளும் வரலாம். எட்டிப் பார்க்க முடியாத வழி என்று பெருமை பேசினோமே, அதன் வாசலில் பூட்டே இல்லை.

நேராகச் சுருக்கத்தின் அறைக்குப் போனேன்.

"சுருக்கமா சொல்லு" என்றார்.

"ஒன்பது டிக்கெட்டும் தப்பு சார். என் தப்பு. பத்தாவதை அறுத்ததே நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தப்பு செய்தேன் என்று என் வாயால் சொல்லி அவர் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"மிச்சத்தைச் சுருக்கமா சொல்ல முடியாது சார். உங்க லேப்டாப்பைக் கொடுங்க" என்றேன். அவர் வெளியூர் போகும்போது பயன்படுத்துகிற அதே வி.பி.என். அதில் இருந்தது. திறந்து, காரணப் பெட்டியில் அக்காவின் எழுத்தை ஒட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "யாருக்கு மாத்திரை?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டினேன். செத்து விழுந்தது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என் கணக்குல ஏறுமா?" என்றார்.

"ஏறும் சார். ஒண்ணு."

அதன் பிறகு நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பெஞ்சு, சீட்டு, திருடன் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது நிமிடம் ஆயிற்று. முடிந்ததும் காரணப் பெட்டியை அன்றே மூடச் சொன்னார், திங்கள்கிழமை மெயிலைத் திரும்ப வாங்கச் சொன்னார், ஒன்பது டிக்கெட்டிலும் பயனர் தவறு என்பதை அழித்து, என்ன எழுத வேண்டுமோ அதை எழுதச் சொன்னார். எழுதினேன். ஒன்பது தடவை என் கையாலேயே 'சோதித்தவர் தவறு' என்று எழுதினேன்.

மென்பொருள் செய்த கம்பெனிக்கு விவரமாக மெயில் போட்டேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: 'எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.' ரத்தம் கொதித்தது. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை அடித்துப் பார்த்திருக்கிறார்கள், பாவிகள். அப்புறம்தான் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது, அடங்கிவிட்டேன். அக்காவின் எழுத்தை அப்படியே வைத்து, சுருக்காமல், மொழிபெயர்க்காமல் இதையே ஒட்டிப் பாருங்கள் என்று எழுதினேன். மூன்று மணி நேரத்தில் அவர்களே போன் செய்தார்கள். குரலில் பயம் இருந்தது. பத்து நாளில் திருத்திய பதிப்பு வந்தது. பெஞ்சு நிறைந்ததும் அதோடு நிறுத்திவிடும், ஒருவரையும் மேலே விழ விடாது. கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எப்படிக் குறிப்பிடலாம் என்று கேட்டிருந்தார்கள். அக்கா நாலு பக்கம் பதில் எழுதினார். அதில் ஒரு பத்தி, மென்பொருளை எழுதின பையன்கள் திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, ஒன்பது மணி ஐந்துக்குப் போன் அடித்தது.

"லைன் நல்லா இருக்கு தம்பி. பிரச்சினை அது இல்ல. இவர் சண்டை போட மாட்டேங்கிறார்."

"நல்லதுதானே அக்கா."

"என்ன நல்லது? வேலைக்கு ஆபத்து இல்லன்னதும் வாயை மூடிக்கிட்டார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. பேச்சுப் பயிற்சி அம்மா, என்ன ஆச்சு இவருக்குன்னு கேக்கறாங்க. அந்தக் கோளாறைத் திரும்பப் போட முடியுமா?"

முடியாது என்றேன். ஆனால் அவர் சொன்னதை அன்று முழுக்கக் கேட்டிருந்தேன், அதனால் ஒன்று தோன்றியது. புதிய பதிப்பு வந்ததும் சுருக்கம் அந்தப் பெட்டியைத் திரும்பத் திறந்து வைத்திருந்தார். இப்போது அதில் தமிழ் என்றால் எண்பது தொண்ணூறு எழுத்துக்கு மேல் தாங்காது. அக்காவுக்கு அது தூசு, அவருக்கு அதுவே ஒரு மலை.

"காரணத்தை இனிமே மாமா சொல்லட்டும். அவர் சொல்லி முடிச்சாத்தான் நீங்க உள்ள போகணும். அவர் சொன்னா நீங்க அடிங்க. ஒரு வார்த்தை சேக்கக் கூடாது" என்றேன். ஸ்பீக்கரில் அவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் காலை, பெட்டியில் எழுதுகிற காரணங்கள் ஆபீசில் சேர்கிற பதிவேட்டைத் திறந்து படிப்பது என் வழக்கமாயிற்று. கம்பெனியில் வேறு யாரும் அதைப் படிப்பதில்லை. 'ஏழு கோடு. கால் வலி.' 'எட்டு. இவ பேச்சு தாங்கல.' 'எட்டுதான். மழை.' 'பத்து கோடு நடந்தேன். தம்பி வீட்டில் நலமா?' அதைப் படித்த அன்று என் மனைவியை உட்கார வைத்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, "நீங்க இவ்வளவு நீளமா பேசி இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

மருத்துவர் கெடு வைத்த வருஷம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, எட்டு ஐம்பத்தெட்டுக்கு இந்தக் காரணம் வந்தது. முதல் பாதி அவருடையது, மிச்சம் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

'வாசலைத் தொட்டேன். இவ இனி ஆபீஸ் வரலாம். நம்பாதீங்க தம்பி, நான் இங்கதான், ஏன்னா'

அதோடு பெஞ்சு நிறைந்து நின்றுவிட்டது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மற்ற அழைப்புகளைப் பக்கத்து மேஜைக்குத் திருப்பிவிட்டு, ஒன்பது ஐந்து ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.